எவர்சில்வரா, நான்ஸ்டிக்கா? புதுச் சமையலறைக்கு எதை வாங்கலாம்?

திருவண்ணாமலை தேரடி வீதி. பௌர்ணமி கூட்டம் வடிந்த மறுநாள் காலை. பாத்திரக் கடை ஒன்றில் அம்மாவும் மகளும் அரை மணி நேரமாக நிற்கிறார்கள். மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. வாடகை வீடு பிடித்தாயிற்று. அடுத்த வாரம் பால் காய்ச்சிக் குடிபோக வேண்டும்.

"எல்லாத்தையும் எவர்சில்வர்லயே எடுத்துக்கோ பாப்பா. ஆயுசுக்கும் வரும்."

"தோசை ஒட்டிக்கிட்டா ஆபீஸ் போற அவசரத்துல யாரும்மா சுரண்டறது? நான்ஸ்டிக் செட் வாங்கிக்கலாம். அப்பாவுக்கு டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னப்போ நீயும் அதைத்தானே வாங்கின?"

"வாங்கினேன். இப்ப அது எப்படி இருக்குன்னு வீட்ல போய்ப் பாரு."

வீட்டில் அந்தத் தவாவின் நடுவில் கறுப்புப் பூச்சு உரிந்து, அடியில் இருக்கும் அலுமினியம் வெள்ளையாகத் தெரிகிறது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போட மனசு வராமல், அதில்தான் அப்பாவுக்குத் தினமும் தோசை.

பல வீடுகளில் இதே கதைதான். உடம்புக்கு நல்லது என்று வாங்கிய பாத்திரம், எப்போது கெட்டதாகிறது என்று தெரியாமலே அடுப்பில் இருக்கிறது. எது உசத்தி என்று சண்டை போடுவதைவிட, எந்தப் பாத்திரம் எந்த வேலைக்கு, எத்தனை நாளைக்கு என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

ஒட்டாத பூச்சின் கதை

நான்ஸ்டிக் பாத்திரத்தில் பூசியிருப்பது பெரும்பாலும் பி.டி.எஃப்.இ என்ற ஒருவகை பிளாஸ்டிக். டெஃப்லான் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1938-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிர்சாதனப் பெட்டிக்கான வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்தார். 1950-களில் பிரான்ஸில் மார்க் கிரெகுவார் என்பவர் அதை அலுமினியப் பாத்திரத்தில் ஒட்டவைக்க வழி கண்டார். அதிலிருந்துதான் டெஃபால் நிறுவனம் பிறந்தது.

எதுவும் ஒட்டாது, சீக்கிரம் கழுவலாம், சொட்டு எண்ணெய் போதும். இந்த மூன்றும் உண்மை. ஆனால் அந்தப் பூச்சுக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று அதிகச் சூடு, இன்னொன்று கீறல். நம் சமையலில் இரண்டும் தாராளம்.

வெறும் பாத்திரம், பெரிய தீ

சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்தப் பூச்சு மெல்ல சிதையத் தொடங்கும். 350 டிகிரிக்கு மேல் போனால் நச்சுப் புகை அதிகமாகும். அதைச் சுவாசித்தால் சிலருக்குக் காய்ச்சல், குளிர், உடம்புவலி வரலாம். வீட்டில் கிளியோ லவ் பேர்ட்ஸோ வளர்த்தால் அவற்றின் உயிருக்கே ஆபத்து.

அவ்வளவு சூடு வீட்டில் வருமா என்று தோன்றும். பாத்திரத்தில் உணவு இருக்கும்வரை பொதுவாக வராது. காலிப் பாத்திரத்தைப் பெரிய தீயில் வைத்துவிட்டு, கடுகு டப்பாவைத் தேடப் போனால் சில நிமிடங்களில் வந்துவிடும். தாளிப்பதற்கு நாம் செய்வதே அதுதானே!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் இன்னும் கறாராகப் பேசுகின்றன. நான்ஸ்டிக்கை 170 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டாம், பூச்சு தேய்ந்தால் தூக்கிப் போடுங்கள் என்கின்றன. மொறுமொறு தோசைக்குக் கல் காயும் சூடே அந்த அளவைத் தொட்டுவிடும்.

உரிந்ததை விழுங்கிவிட்டால்?

ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம். அது செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். உரிந்த இடத்தில் வெளியே தெரியும் அலுமினியத்தைத்தான் கவனிக்க வேண்டும். புளி, தக்காளி, எலுமிச்சை படும்போது அது உணவில் கரையும். சட்னி, சாம்பார் போன்ற புளிப்பு வகைகளை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைத்திருக்க வேண்டாம் என்பது அதே வழிகாட்டுதல்களின் அறிவுரை.

பெட்டியில் 'பி.எஃப்.ஓ.ஏ இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பூச்சு தயாரிப்பில் முன்பு பயன்படுத்திய ஒரு ரசாயனம். 2023-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அதை வகைப்படுத்தியது. பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவில் 2015-க்குள்ளேயே அதைக் கைவிட்டுவிட்டன. அது இல்லாதது நல்லதுதான். ஆனால் அந்த லேபிளைப் பார்த்துவிட்டு, இந்தப் பாத்திரம் எவ்வளவு சூட்டையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது அதே பி.டி.எஃப்.இ பூச்சுதான்.

எவர்சில்வரில் என்ன பார்க்க வேண்டும்?

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய்க்கு உலோகம் தேடியபோது துரு ஏறாத எஃகை உருவாக்கினார். நம்மூருக்கு வந்து அது 'எவர்சில்வர்' ஆனது. சேலம் உருக்காலை 1981-ல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரும் இங்கே பழகிப்போனது.

அதில் பூச்சு எதுவும் இல்லை. எஃகில் கலந்திருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கீறினாலும் அந்தப் படலம் தானாகவே மறுபடி உருவாகும். அதனால்தான் கரண்டி போட்டுக் கிளறினாலும், நார் போட்டுத் தேய்த்தாலும் பாட்டி காலத்துப் பாத்திரம் இன்றும் உழைக்கிறது.

ஆனால் எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் இருக்கும். சமையலுக்கு இது ஏற்றது. 202 போன்ற மலிவு ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 304-லும் ஒட்டாது, 202-லும் ஒட்டாது. ரகத்தின் எண்ணையும் ஐ.எஸ்.ஐ முத்திரையையும் பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கான தர அளவுகோல் ஐ.எஸ். 14756. இந்த முத்திரையைக் கட்டாயமாக்க 2024-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்புக்கு வாங்குவதாக இருந்தால், அடிப்பாகத்தில் மட்டும் காந்தம் ஒட்ட வேண்டும்.

அடுத்தது கனம். எவர்சில்வரில் வெப்பம் பரவும் வேகம் அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மெல்லிய பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் காய்ந்து அடிபிடிப்பது இதனால்தான். நடுவில் அலுமினியத் தகடு வைத்த 'ட்ரை பிளை' அல்லது கனமான அடி உள்ள பாத்திரம் விலை கூடுதல். ஆனால் அடிபிடிக்கும் தொல்லை குறையும்.

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும், புது எவர்சில்வரில் தக்காளி, புளிக் குழம்பை நீண்ட நேரம் கொதிக்கவிடுவதைத் தவிர்க்கலாம். முதல் சில சமையலில்தான் உலோகம் சற்றுக் கூடுதலாகக் கரையும். பிறகு குறைந்துவிடும்.

ஒட்டாமல் சமைக்க

எவர்சில்வர் வாணலியை மிதமான தீயில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். உஸ்ஸென்று ஆவியானால் சூடு போதாது. முத்துப்போல் உருண்டு ஓடினால் சரியான சூடு. அப்போது எண்ணெய் விட்டுத் தீயைக் குறையுங்கள். காய் ஒட்டினாலும் உடனே சுரண்டாதீர்கள். அடி சிவந்ததும் தானே விட்டுவிடும். பால் காய்ச்சும் முன் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றினால் அடிபிடிப்பது குறையும். உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போட்டால் அடியில் புள்ளி புள்ளியாக அரிக்காது.

தோசைக்கு இந்த இரண்டையும்விட நல்லது, பழக்கிய இரும்புக் கல். அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தாலே தோசை அழகாக எழும்பி வரும். அதே கல்லில் சப்பாத்தி போடாமல் இருந்தால் போதும்.

அப்பாவின் எண்ணெய்க் கணக்கு

எண்ணெயைக் குறைப்பது பாத்திரம் அல்ல, ஊற்றும் கை. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சுமார் 40 கலோரி. நான்ஸ்டிக்கில் சுட்ட தோசைக்கும் ருசிக்காகச் சுற்றிலும் ஊற்றினால் கணக்கு ஒன்றுதான். பாட்டிலைச் சாய்ப்பதை விட்டு, டீஸ்பூனால் அளந்து விடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று டீஸ்பூன் என்றால் மாதம் 450 மில்லி. இதயத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டர் சொன்ன அளவையே வைத்துக்கொள்ளவும்.

பட்டியல் இவ்வளவுதான்

குழம்பு, ரசம், பொரியல், பால் எல்லாவற்றுக்கும் எவர்சில்வர். தோசைக்கு இரும்புக் கல். ஆம்லெட், முட்டை என்று சின்னத் தீயில் முடியும் வேலைக்கு, வேண்டுமானால் ஒரே ஒரு சின்ன நான்ஸ்டிக். அதற்கு மரக்கரண்டி, மெல்லிய ஸ்பாஞ்ச். காலியாக அடுப்பில் வைக்கக் கூடாது. வாங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, பூச்சு கீறி உரியத் தொடங்கிய அன்றே ஓரம் கட்டிவிட வேண்டும். தூக்கிப்போட மனசு வராதவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது.

தேரடி வீதிக் கடையில் அம்மாவும் மகளும் ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டார்கள். கனமான அடி உள்ள இரண்டு எவர்சில்வர் பாத்திரம், ஒரு வாணலி, ஒரு சின்ன நான்ஸ்டிக். பிறகு அம்மா சொல்கிறார்: "அண்ணே, இரும்புத் தோசைக்கல் ரெண்டு போடுங்க. ஒண்ணு இவளுக்கு, ஒண்ணு எங்க வீட்டுக்கு."

கடைக்காரர் பாத்திரங்களை வரிசையாக எடுத்து வைத்துவிட்டுக் கேட்கிறார்: "எவர்சில்வர்ல எல்லாம் பாப்பா பேர் வெட்டிடலாமாம்மா?"