பெயரும் பேரும்

ஒருவருடைய குடும்பப் பெயரைக் கொண்டே அவருடைய குணத்தைக் கணித்துவிடலாம் என்று நம்புவோர் மேனாடுகளில் உளர். ‘பெயரே நிமித்தம்’ என்று இலத்தீனில் ஒரு பழமொழியும் உண்டு. ஆங்கில நாட்டு ஸ்மித்தின் முன்னோன் எவனோ ஒருவன் கொல்லனாக இருந்திருப்பான். வழிவந்தவன் பாங்கியிலே கணக்கெழுதினாலும் உலையின் வெம்மை பெயரில் ஆறாமல் இருக்கிறது. இந்த ஆராய்ச்சியை நமது மலைநாட்டிலே நடத்தப் புகுவோர் முதலடியிலேயே இடறுவர். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது.

சிங்கள மக்களிடம் ‘கே’ என்று முடியும் வீட்டுப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது. நமக்கோ தந்தையின் பெயர். அதிலும் முதலெழுத்து மட்டும். பேரன் காலத்தில் அவ்வெழுத்தும் மாறிவிடும். பெண்ணாயின் மணமானதுமே மாறினும் மாறும். விண்ணப்பப் பத்திரத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைக் கண்டு திகைத்து, அதில் தந்தை பெயரை எழுதிவிட்டு, பிறகு அயல்நாட்டு விமான நிலையத்தில் யாரோ தம் தகப்பனாரை அழைப்பதாக எண்ணிச் சும்மா நிற்கும் இளைஞர்கள் எத்தனை பேர்!

ஆயினும், குணத்தைக் காட்டும் பெயர் நம்மவரிடம் இல்லையென்று எவரும் எண்ணற்க. நிலத்தாலும் குடியாலும் தொழிலாலும் பண்பாலும் வரும் பெயர்களைத் தொல்காப்பியர் பெயரியலில் வகுத்துக் காட்டினார். அவ்வகைகளெல்லாம் லயத்திலே இன்றும் உயிரோடிருக்கின்றன. ஒரே லயத்தில் மூன்று முனியாண்டிகள் இருந்தால் ஒருவர் நெட்டை முனியாண்டி. மலைக்குக் கத்தி எடுத்துச் செல்பவர் கவ்வாத்து முனியாண்டி. காமன் கூத்தில் மதனாக ஆடியவர் ஆயுள் முழுவதும் மதன் முனியாண்டி. இவை எந்தப் பதிவேட்டிலும் ஏறா. அயல்வீட்டார் பழகிப் பார்த்து இட்ட பெயர்கள் இவை. தகப்பன் ஈட்டியதை மகன் அப்படியே உண்டு வாழவும் முடியாது; அவன் தனக்கு வேண்டியதைத் தானே ஈட்ட வேண்டும். சாதிப் பெயரை வாலாகக் கட்டிக்கொள்வதைக் காட்டிலும் இது நாகரிகமான முறை என்றே நாம் கருதுகிறோம்.

பொதுவாழ்விலும் இதற்குச் சான்றுண்டு. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யருக்கு ‘ஐயர்’ என்பது பிறப்பால் வந்தது. அவர் நடத்திய ‘தேசபக்தன்’ பத்திரிகையால் வந்த பெயரோ உழைப்பால் வந்தது. 1936 இல் அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அமர்ந்தவரை ‘தேசபக்தன்’ என்ற அடையோடுதான் மக்கள் நினைவிற் கொண்டனர். சௌமியமூர்த்தி தொண்டமான் கதை வேறு. அவருடைய தந்தையார் கருப்பையா. 1947 இல் நுவரெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தவருடைய பெயரின் பிற்பாதி, மகன் இராமநாதன், பேரன் ஆறுமுகன், கொள்ளுப்பேரன் ஜீவன் எனக் கண்முன்னேயே குடும்பப் பெயராகிவிட்டது. பெயர் இறங்கியதுபோலக் குணமும் இறங்கியதா என்பதை வாக்காளர் தேர்தல்தோறும் புதிதாகத் தீர்த்துக்கொள்கின்றனர்.

குடும்பப் பெயரின்மை சிரித்துவிட்டுப் போகத்தக்க விஷயமாக இருந்திருக்கலாம். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாறு விடவில்லை. தந்தையோ, இன்றேல் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையிற் பிறந்தவர் என்று காட்டு என்றது அச்சட்டம். ஒரு தாளில் இராமசாமி என்றும் மற்றொன்றில் இராமன் என்றும் காணப்படும் ஒருவர், இருவரல்லர் ஒருவரே என்று சாட்சி சொல்லத் தொடர்ந்து வரும் பெயர் ஒன்றும் இல்லை. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கிட்டு, 525,000 பேரை அங்கும் 300,000 பேரை இங்குமாகப் பிரித்தது. எஞ்சியோரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடற்றோர் என்ற சொல் இம்மலைகளைவிட்டு நீங்கவில்லை. ஒரு கூட்டத்தாருக்கு இதைவிடக் கொடிய குடும்பப் பெயர் உண்டோ?

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. செக்ரோலில் ஒரு நாள் உழைப்புக்கு இடும் பதிவே பேர். கொழுந்து நிறை குறைந்துவிட்டால் அரைப் பேர். மாலையில் தராசடியில் நிற்கும் பெண் ‘பேர் போட்டாச்சா?’ என்று கேட்பது கூலியைத்தான். அந்தப் பேரைக் கிலோக் கணக்கில் சரிபார்க்கும் நாட்டில், அவளுடைய சொந்தப் பெயரைச் சரிபார்க்க நேரமில்லை. தமிழறியாத கை எழுதுகையில் ழகரமும் ளகரமும் ஒன்றாகின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மற்றொன்று. ஓய்வுபெற்றுச் சேமலாப நிதி கேட்கச் செல்லும்போது, ஓரெழுத்துக்காகச் சத்தியக் கடதாசி முடிக்க அலைய நேரிடுகிறது.

1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆகவே தோட்டத்துப் பிறப்புகள் தமிழிலே எழுதப்பட்டு, ஒப்பமிடுமுன் பெற்றோர்க்கு உரக்க வாசித்துக் காட்டப்படல் வேண்டும். அரசாங்கப் பத்திரங்களிலுள்ள குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் செல்லாது என்னும் வழக்கமும் ஒழிய வேண்டும். தாய்மார்களும், பதிவாளர் நீட்டும் தாளை வாங்கியவுடன் மடித்து வைக்காமல், வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டே மேசையைவிட்டு எழுந்து வருவார்களாக.