அறைக்குள் வந்தால் அறுந்துபோகும் குரல்



சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் இரவு எட்டு மணிக்கு அழைக்கிறான். "அம்மா, மருந்து..." என்பான்; அதோடு லைன் அறுந்துவிடும். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மழையில் அஞ்சடிக்கு ஓடும் தாய்மார்களில் நானும் ஒருத்தி. போன மாதம் வழுக்கி விழுந்த பிறகுதான் புத்தி வந்தது!

குற்றம் பெரும்பாலும் நம் வீட்டின் மீதுதான். தகரக் கூரையும், வெப்பம் தடுக்க அதனடியில் விரிக்கும் அலுமினியத் தாளும் அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சத்தைக் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் விழுங்கும்.

இன்னொன்று. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. இப்போது பேச்சும் 4ஜி வழியே போக 'வோல்ட்டி' வசதி வேண்டும். அது உங்கள் கைப்பேசியில் திறந்திருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் வைஃபை உண்டா? கவலையை விடுங்கள். 'வைஃபை காலிங்' என்பதைத் திறந்தால், கோபுரம் எட்டாத அறையிலும் அதே எண்ணில் பேசலாம். பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டே நிமிடத்தில் எனக்குச் செய்து கொடுத்தான். கைப்பேசியும் சிம் நிறுவனமும் அதற்கு இடம் தரவேண்டும், அவ்வளவுதான்.

மலிவாகக் கிடைக்கிறதென்று அனுமதியற்ற அலைபெருக்கிப் பெட்டி வாங்கி மாட்டாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அண்டை வீட்டார் லைனையும் கெடுக்கும்.

மின்சாரம் போனால் வைஃபையும் போகும். ஆகவே, 999-ஐ அழைக்க லைன் நன்றாகக் கிடைக்கும் சன்னலை இன்றே கண்டுபிடித்து, அங்கே ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.