கைதுக் குறிப்பில் குடும்பத்தின் இடம்

ஒருவரைக் கைது செய்யும்போது காவல் துறை எழுதியாக வேண்டிய கைதுக் குறிப்பில் தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதி முடிந்த பிறகு, அடியில் சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. அது கைதானவரின் குடும்பத்தில் ஒருவருக்கு உரிய இடம். அவருக்குப் பதிலாக ஊரில் மதிப்புள்ள வேறொருவரும் கையெழுத்திடலாம். மகனைப் பிடித்துப்போன செய்தி கேட்டு, காவல் நிலைய வாசலில் விடிய விடிய நிற்கிற தாய்க்கு அந்தத் தாளில் தனக்கென்று ஓர் இடம் இருப்பது தெரியாது. உள்ளே இருப்பவர்கள் சொல்வதும் இல்லை.

இந்த இடம் எளிதில் கிடைத்ததல்ல. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே.பாசு, காவல் நிலைய மரணங்கள் பற்றி வந்த பத்திரிகைச் செய்திகளைச் சுட்டிக்காட்டி, 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, கைதின்போது காவல் துறை கடைப்பிடிக்க வேண்டிய கட்டளைகளை வகுத்தது. உறவினர் கையெழுத்து அவற்றில் ஒன்று. பிறகு அது சட்டமாகவே ஆகி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 36-வது பிரிவாக இருக்கிறது.

குற்றவழக்கில் சிக்கிய ஒருவருக்கு அவரது குடும்பம் செய்யக்கூடிய உதவியில் பெரும்பகுதி இந்தக் கையெழுத்தைப் போன்றதுதான் என்று நான் நம்புகிறேன். பார்த்ததற்குச் சாட்சியாக நிற்பது, தாளைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வது, உரிய இடத்தில் அதை நீட்டுவது. நம் குடும்பங்கள் இதை விட்டுவிட்டு வேறொன்றில் தங்கள் முழுச் சக்தியையும் கரைத்துவிடுகின்றன.

கைது என்றதும் வீட்டில் எழுகிற முதல் கேள்வி, ‘யாரைப் பிடிக்கலாம்?’ என்பது. கவுன்சிலரைத் தெரியுமா, வட்டச் செயலாளரைத் தெரியுமா, ஏட்டையாவுக்கு வேண்டியவர் யாராவது இருக்கிறாரா? இரவோடு இரவாகத் தாலிக்கொடி அடகுக்குப் போகும். ‘எஸ்.ஐ.கிட்ட பேசியாச்சு, காலையில விட்டுருவாங்க’ என்று யாரோ ஒருவர் சொல்வார். காலையில் போய்க் கேட்டால், ‘ரிமாண்டுக்குக் கொண்டுபோய்ட்டாங்க’ என்பார்கள். இந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரேஷன் அட்டை முதல் பட்டா வரை ஆள் பிடித்தே வேலை நடந்து பழகிய ஊரில், காவல் நிலையத்தில் மட்டும் வேறு வழி இருக்கும் என்று அவர்கள் எப்படி நினைப்பார்கள்? ஆனால், அந்த ஓர் இரவில் இழப்பது பணத்தை மட்டுமல்ல. எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், யார் பிடித்தார்கள், அப்போது உடம்பில் காயம் இருந்ததா என்பதற்கெல்லாம் சாட்சியும் அந்த இரவோடு போய்விடுகிறது.

பழைய வழக்கறிஞர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அலுவலகத்துக்கு அழுதுகொண்டு வருபவரிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, ‘தந்தி கொடுத்தாச்சா?’ என்பதுதான். ‘என் மகனை இன்ன நிலையத்தார் இன்ன நேரத்தில் அழைத்துப்போனார்கள்’ என்று நீதித்துறை நடுவருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரு தந்தி. அந்தத் தந்தியில் அஞ்சலகம் குறித்த நேரத்தை யாராலும் திருத்த முடியாது. மறுநாள் மாலையில்தான் கைது செய்தோம் என்று காவல் துறை எழுதினால், அதை உடைக்க அது ஒன்றே போதும். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோனது. மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் அதே வேலையை இன்று செய்யும். ஆனால், தந்தி கொடுக்கும் அந்தப் பழக்கத்தோடு அதற்குப் பின்னால் இருந்த அறிவும் மங்கிவிட்டது என்பது என் கவலை. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22-வது கூறு. அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதைக் காவல் துறையைத் தவிர வேறு யாராவது சொல்ல முடியுமென்றால், அது குடும்பம்தான்.

அற்புதம்மாளின் கதை தமிழ்நாட்டுக்குத் தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1991 ஜூன் 11 அன்று, 19 வயது மகன் பேரறிவாளனை விசாரணை அதிகாரிகளிடம் ஒப்படைத்தது அவருடைய பெற்றோர்தான். விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லித்தான் அழைத்துப்போனார்கள் என்று அந்தத் தாய் தொடர்ந்து சொல்லிவந்தார். மகன் விடுதலையானது 2022 மே 18 அன்று, உச்ச நீதிமன்றம் 142-வது கூறின் கீழ் தனக்குள்ள தனி அதிகாரத்தைப் பயன்படுத்திய பிறகு. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் அவர் செய்த உதவியைப் பலரும் தாய்ப் பாசம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். பாசம் இருந்தது, ஆனால் சிறை வாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் அவர் நடந்த நடை, மனுவும் பதிலும் மேல்மனுவுமாக நடந்த நடை. வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரி தியாகராஜன், வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த அந்தச் சொல்லுக்குப் பயன் இருந்ததென்றால், அதற்குள் அந்த வழக்கு மறக்கப்பட்டுவிடாமல் ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டதே காரணம்.

உதவிக்குப் போகிற குடும்பத்துக்கு நேரக்கூடியதை சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூன் 19 மாலை ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். என்ன ஆயிற்று என்று பார்க்கப்போன மகன் பென்னிக்ஸும் உள்ளே இழுக்கப்பட்டார். இருவரும் ரிமாண்ட் செய்யப்பட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22-ம் தேதி மகனும் 23-ம் தேதி தந்தையும் இறந்தார்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகைத் திருட்டுப் புகாரில் அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி அஜித்குமாரின் உயிர், கைது என்று முறையாக எழுதப்படாத காவலிலேயே போனது. அவருடைய தம்பியையும் பிடித்துப்போயிருந்தார்கள். தாள் இல்லாத காவல்தான் ஆகக் கொடியது என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்? ஆகவே, காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். அக்கம்பக்கத்தவர் இருவரோடு போங்கள்; முடிந்தால் வழக்கறிஞரோடு போங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டியதில்லை. காவலில் இருப்பவர் எவராக இருந்தாலும், வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்கிறது 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

அந்த வழக்கறிஞருக்குத் தேவையான பலவற்றைக் கொடுக்க முடிந்தவர்கள் வீட்டார் மட்டுமே. பையன் பதினெட்டைத் தாண்டவில்லை என்றால், பள்ளிச் சான்றிதழ்தான் அவனைச் சிறைக்குள் போகாமல் காக்கும். வலிப்புக்கோ மனநோய்க்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், மருத்துவரின் சீட்டு ரிமாண்ட் நேரத்திலேயே நடுவரின் மேசைக்குப் போக வேண்டும். கைதானவரைப் பரிசோதித்த மருத்துவ அறிக்கையின் நகலை அவரோ, அவர் சொல்கிற ஒருவரோ பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஒருவராக வீட்டில் யார் இருப்பது என்பதை முதல் நாளே முடிவுசெய்துகொள்ள வேண்டும். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. அந்த அறிக்கையைப் படித்துப் பார்க்காமல் எவரிடமும் எதையும் பேச வேண்டாம்.

குறிப்பாக, ‘ஒத்துக்கோப்பா, அடிக்கமாட்டாங்க, விட்டுருவாங்க’ என்று அவரிடமே போய்ச் சொல்லும் வேலையைக் குடும்பம் ஏற்கக் கூடாது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால், அந்த வாக்குமூலத்தின் வழியே ஒரு பொருளைக் கண்டெடுத்ததாகக் காட்டினால், அந்த அளவுக்கு அது உள்ளே வந்துவிடும். மகன் மேல் கை படக் கூடாதே என்று தாய் சொன்ன ஒரு வார்த்தை, பத்தாண்டுத் தண்டனைக்கு வழி திறந்துவிடலாம்.

ஒளித்துவைப்பதும் உதவி அல்ல. இங்கே சட்டம் தாய்மாரிடம் கடுமையாகவே நடந்துகொள்கிறது. தேடப்படுகிற குற்றவாளி என்று தெரிந்தும், தண்டனையிலிருந்து தப்பவைக்க அடைக்கலம் தருவது குற்றம். இதில் விலக்கு பெறுபவர் கணவனோ மனைவியோ மட்டும்தான். பெற்ற தாய்க்கு இல்லை. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய நியாய சன்ஹிதாவின் 249-வது பிரிவுவரை இது மாறவே இல்லை. பசியோடு வாசலில் நிற்கிற பிள்ளையைத் தாய் திருப்பியனுப்ப வேண்டும் என்று எந்தச் சமூகமும் எதிர்பார்க்க முடியாது. இந்த விலக்கைப் பெற்றோருக்கும் விரிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதுவரை, தலைமறைவுக்குத் துணைபோவதை விட முன்ஜாமீன் மனுவோ, வழக்கறிஞரோடு போய் நீதிமன்றத்தில் சரணடைவதோதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. ஆள் கிடைக்கவில்லை என்று அப்பாவையோ அக்காவையோ நிலையத்தில் உட்காரவைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. பெண்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணைக்கென்று நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். புகார் கொடுத்தவர் வீட்டுக்குப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு சமாதானம் பேசப் போவதைப் பல குடும்பங்கள் கடமையாகவே நினைக்கின்றன. சாட்சியைக் கலைத்ததாகச் சொல்லி ஜாமீன் ரத்தாக இதுவே போதும். அதைவிட, எதிர்ப்பக்கம் இருப்பவரும் காயம்பட்டவர். போக்சோ வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் சித்தப்பாவாகவோ தாய்மாமனாகவோ இருக்கும்போது, குடும்பம் அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு அந்தப் பெண்குழந்தையின் வாயை அடைக்கிறது. இதை உதவி என்ற சொல்லால் குறிக்க நான் மறுக்கிறேன். அவருக்கு நியாயமான விசாரணை வேண்டும், நல்ல வழக்கறிஞர் வேண்டும். அதற்கு மேல் குடும்பத்தின் முதல் பொறுப்பு அந்தக் குழந்தையிடம்தான்.

ஜாமீன் கிடைத்த பிறகும் வீட்டாரின் வேலை முடிவதில்லை. நம் நீதிமன்றங்கள் கேட்கிற இரண்டு ஜாமீன்தாரர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவில் அடிக்கடி எழுதப்படுகிறது. வீட்டு வரி ரசீது, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று அலைய வேண்டும். வாடகை வீட்டில் இருக்கிற குடும்பத்துக்கு இது மலை. 1978-ல் மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கில், 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதோடு, சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அவருடைய ஜாமீனையும் கீழமை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். இன்றும் நம் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகை தரும் மத்திய அரசின் திட்டம் 2023-ல் வந்தது. கேட்டுப் பெற வேண்டியது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம்.

குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களுக்கு வழக்கே பெரும்பாலும் குடும்பத்தின் பெயரில்தான் நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆட்கொணர்வு மனுக்களைப் பாருங்கள். மனுதாரர் ஒரு தாயாக இருப்பார், அல்லது ஒரு மனைவி. தடுப்புக் காவல் உத்தரவோடு கட்டுக்கட்டாகத் தரப்படும் ஆவணங்களில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் மங்கியிருந்தாலோ, ஓர் ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் இல்லாமலிருந்தாலோ உத்தரவு ரத்தாகியிருக்கிறது. அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்க்கப் பொறுமை வேண்டும். தடுப்புக் காவலை ஆராயும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால், வழக்கறிஞரல்லாத நண்பர் ஒருவரின் துணையைப் பெறலாம் என்று 1981-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞருக்கு இல்லாத இடம் அண்ணனுக்கு உண்டு.

சட்டம் குடும்பத்துக்கு இடம் தந்துகொண்டேதான் வருகிறது. கைதுக்கான காரணத்தை உறவினருக்கும் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவர்களால் சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்ய முடியும் என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கைதானவர்களின் பெயரையும் குற்றச்சாட்டையும் ஒவ்வொரு நிலையத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-வது பிரிவு. உறவினருக்குத் தகவல் போயிற்றா என்று உறுதிசெய்வது நடுவரின் கடமை என்கிறது 48-வது பிரிவு. இந்தக் கடைசி வரியை மட்டுமாவது உயிரோடு வைத்திருக்க நம் நீதித்துறையால் முடியும். ரிமாண்டுக்கு நிறுத்தப்படும் ஒவ்வொருவரிடமும், ‘வீட்டில் யாருக்குச் சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள்?’ என்று நடுவர் நேரில் கேட்க வேண்டும். வந்த பதிலை ரிமாண்ட் உத்தரவிலேயே எழுத வேண்டும். கைதுக் குறிப்பில் உறவினர் கையெழுத்து இல்லையென்றால் ஏன் இல்லை என்பதைக் காவல் அதிகாரி அங்கேயே விளக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். நாளைக் காலை ரிமாண்டிலிருந்தே தொடங்கலாம்.