கணக்கில் வராத கடைசி வேலை

வீட்டு மராமத்துக்கு மேஸ்திரி போட்டுக் கொடுக்கும் எஸ்டிமேட்டை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். சிமெண்ட் இத்தனை மூட்டை, எம்-சாண்ட் இத்தனை யூனிட், டைல்ஸ் சதுர அடிக்கு இவ்வளவு, ஒட்டுகிற கூலி இவ்வளவு. பட்டி பார்க்க ஒரு தொகை, இரண்டு கோட் பெயிண்ட் அடிக்க ஒரு தொகை. பிளம்பருக்கு, எலக்ட்ரீஷியனுக்கு, ஆசாரிக்குத் தனித்தனியாக. சில தாள்களில் டீ, வடைச் செலவுகூட இருக்கும். இவர்கள் எல்லோரும் போன பிறகு அந்த வீட்டைக் கூட்டி, அள்ளி, சுரண்டி, கழுவி, மனிதர் குடிபோகிற இடமாக ஆக்குகிற வேலைக்கு மட்டும் அந்தத் தாளில் ஒரு வரி இருக்காது.

அந்த வரி ஏன் இல்லை என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

காரைக்கால் கடலோரத்தில் இப்போது மராமத்துக் காலம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு இருபது வயதை ஒட்டி ஆகிவிட்டது. உப்புக்காற்றில் கம்பி துருவேறி, காரை பெயர்ந்து விழுகிறது. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கோட்டுச்சேரி வழியாக டவுன் வரை வந்தால், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் மணல் குவியலும் டைல்ஸ் பெட்டியும் கண்ணில் படும். சிங்கப்பூர், வளைகுடா, பிரான்ஸ் என்று வெளியே போன பிள்ளைகளின் சம்பாத்தியம் முதலில் தரையில்தான் பளபளக்கிறது.

கடலோர ஊர்களில் பல வீடுகளில் கடைசிக் கழுவலை வீட்டுப் பெண்களே செய்துகொள்கிறார்கள். அவர்களுக்கும் இடுப்பு நோகிறது, அவர்கள் கையும் வெந்து போகிறது. ஆனால் கழுவிய வீட்டில் அவர்களே குடியிருக்கிறார்கள். டவுன் பக்கத்து மாடி வீடுகளில் கதை வேறு. "தெருவிலேருந்து ரெண்டு பொம்பளைங்கள வரச் சொல்லு, ஒரு நாள்ல கழுவி விட்டுரட்டும்" என்பார்கள். எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. சொல்பவருக்கும் தெரியும், போய்க் கூப்பிடுபவருக்கும் தெரியும். தூசி ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். தன் வீட்டுக்குச் செய்யும்போது அதற்குச் சாதி கிடையாது. கூப்பிட்டு விடும்போது சாதி வந்து ஒட்டிக்கொள்கிறது. வேலை மட்டும் பிரிக்கப்படவில்லை, செய்கிற மனிதர்களும் மேல் கீழாக அடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று 1936-ல் பாபாசாகேப் அம்பேத்கர் ஜாதி ஒழிப்பு நூலில் காட்டியதை, ஒரு எஸ்டிமேட் தாளின் கீழே விடுபட்ட வரியில் இன்றும் பார்க்கலாம்.

"கழுவி விடுறதுதானே, இதுல என்ன இருக்கு?" என்பவர்களுக்காக, இதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறோம்.

உடைத்த ரப்பீஸை பாண்டில் அள்ளி மாடிப்படி இறங்கி வாசலில் கொட்ட வேண்டும். தரையில் காய்ந்த சிமெண்ட் பாலைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் தெறித்த பெயிண்டை பிளேடால் சுரண்ட வேண்டும். பட்டி பார்த்து உப்புத்தாள் போட்ட வெள்ளைத் தூள் ஃபேன் இறக்கையிலிருந்து சுவிட்ச் பெட்டிவரை படிந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டுத் திரும்பினால், மறுபடி படிந்திருக்கும். மூன்று முறை துடைத்த பிறகுதான் தரை தன் நிறத்தைக் காட்டும்.

அந்தத் தூள் சாதாரண வீட்டுத் தூசி இல்லை. மணல், கான்கிரீட், கிரானைட், டைல்ஸ் ஆகியவற்றை வெட்டும்போதும் உடைக்கும்போதும் சிலிக்கா பறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். சிலிக்கோசிஸ் வந்தால் நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பணக்கார அடுப்படிகளில் இப்போது பதிக்கிற செயற்கைக் குவார்ட்ஸ் கல்லில் சிலிக்கா மிக அதிகம். அதை வெட்டிய இளைஞர்கள் நோயில் விழுந்ததைப் பார்த்த ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. இங்கே அந்தக் கல்லை வெட்டிய தூளைத் தென்னந்துடைப்பத்தால் உலர்ந்தபடியே பெருக்கச் சொல்கிறார்கள். முகத்தில் முந்தானை மட்டும்தான்.

பழைய சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயமும் வரும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சுவர்களில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் சோதித்துவிட்டுத் தேய்ப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஈயம் பெரும் கேடு. வேலைக்கு வருகிற பெண் கைக்குழந்தையை அதே வீட்டின் மூலையில் படுக்க வைத்திருப்பாள்.

அடுத்தது ஆசிட். டைல்ஸில் ஒட்டிய சிமெண்ட் போக, பாட்டிலில் வாங்கி வந்த ஆசிட்டை ஊற்றித் தேய்க்கச் சொல்வார்கள். கதவு ஜன்னல் சாத்திய பாத்ரூமில் அது போதாதென்று பிளீச்சிங் பவுடரையும் தூவச் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்ட அதே வாயு. கண் எரிந்து, மூச்சு முட்டி வெளியே ஓடிவரும் பெண்ணிடம், "என்ன அதுக்குள்ள வேலைய விட்டுட்டு வந்துட்ட?" என்று கேட்கிற வீடுகள் உண்டு.

இவ்வளவு ஆபத்தான வேலைக்கு விலை என்ன? பெருநகரங்களில் இதே வேலைக்கு "டீப் கிளீனிங்" என்று பெயர் வைத்து, சீருடை மாட்டி, வேக்குவம் கிளீனரோடு செயலி வழியாக ஆள் அனுப்புகிறார்கள். படுக்கையறை எத்தனை என்று எண்ணி, ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை, முன்கூட்டியே பணம் கட்டுகிறார்கள். ஆக, இந்த வேலைக்கு விலை இருக்கிறது. தெருவிலிருந்து வருகிற பெண்ணுக்குத்தான் அந்த விலை இல்லை. அவளுக்குக் கிடைப்பது மேஸ்திரியிடம் மீந்த சில்லறை, மத்தியானச் சோறு, கட்டிக் கழித்த ஒரு புடவை. "பாவம், நாங்க நல்லாத்தான் பாத்துக்கிறோம்" என்கிறார்கள். பெயிண்டருக்கு யாரும் பழைய சட்டையைக் கூலியாகக் கொடுப்பதில்லையே.

"இது சாதி இல்லை, ஏழ்மை. எல்லாச் சாதியிலும் ஏழைகள் இருக்கிறார்கள்" என்று நம் வகுப்பறைகளிலேயே சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்கள் மறுநாள் காலையில் அந்த வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். பால் காய்ச்சுகிறார்கள். புரோகிதர் வந்து மாவிலையால் தீர்த்தம் தெளித்து வீட்டைச் சுத்தம் செய்கிறார். முந்தின நாள் முழுக்க அந்த வீட்டின் ஒவ்வொரு அடியையும் முட்டி போட்டுத் தேய்த்தவள் ஒருத்தி இருக்கிறாள். பூஜை அறையின் தரையும் அவள் கை பட்டதுதான். அவளுக்கு அழைப்பு இல்லை. வந்தாலும் கொல்லைப்பக்கம் இலை. ஏழ்மைதான் காரணம் என்றால், வெறும் கையோடு வருகிற ஏழை உறவினரும் கொல்லைப்பக்கம்தானே உட்கார வேண்டும்? அவர் கூடத்தில் உட்காருகிறார். அழுக்கை அகற்றியவளையே அழுக்காகப் பார்க்கிற கண்ணை ஏழ்மை தரவில்லை. அதைத் தந்தது சாதி.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். பார்ப்போம். 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டில் 10 லட்சம் ரூபாய்வரை ஆகும் வேலையையும் விலக்கி வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. நம் ஊர் மராமத்துகளில் அநேகமாக எல்லாமே இந்த ஓட்டையில் விழுந்துவிடும். நலவாரியத்தில் பதிய ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்ததாகக் காட்ட வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவள் எதைக் காட்டுவாள்? வீட்டு வேலைத் தொழிலாளர் என்று பதியலாம் என்றால், அங்கேயும் எல்லை குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லிருந்து தனி நலவாரியம் உண்டு. பொறையாறு பக்கத்திலிருந்து காலையில் கோட்டுச்சேரிக்கு வேலைக்கு வருகிற பெண் குடியிருப்பது மயிலாடுதுறை மாவட்டத்தில், உழைப்பது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில். வேலை செய்த இடத்தில் அடிபட்டால் எந்த அரசின் கதவைத் தட்டுவது? வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கைக்கு 2011-ல் ஆதரவாக வாக்களித்த இந்திய அரசு, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வாசற்படியில் தயங்கி நிற்கிறது. சாதி சொல்லி இழிவுபடுத்திய குற்றம் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். வெளியார் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் பேசியது அந்தப் பிரிவில் வராது என்று 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாருமில்லாத புது வீட்டில் தனியாகத் தரை தேய்க்கும் பெண்ணுக்கு இதன் பொருள் என்ன என்று சட்டம் படிக்கும் தோழர்கள் யோசியுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மராமத்தோடு மராமத்தாக "அந்த செப்டிக் டேங்கையும் இறங்கிச் சுத்தம் பண்ணிடு" என்று சொல்வது குற்றம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறையே 2 ஆண்டுவரை சிறை, 2 லட்சம்வரை அபராதம். இறப்பு நேர்ந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இதை ஒவ்வொரு மேஸ்திரியின் காதிலும் போட்டு வையுங்கள்.

கழுவும் வேலை யார் தலையில் விழும் என்பதை இந்தக் கடற்கரை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. சுனாமிக்குப் பின் பக்கத்து நாகப்பட்டினத்தில் பிணங்களை அகற்ற, வெளி மாவட்ட நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். அதே நாட்களில் நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. பேரழிவுக்கும் கூப்பிடுவது எங்களை, பால் காய்ச்சுவதற்கு முந்தின நாளும் கூப்பிடுவது எங்களை. பந்தியில் மட்டும் இடம் இல்லை.

2025 ஆகஸ்டில் சென்னைத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். போலீஸ் நள்ளிரவில் அப்புறப்படுத்தும்வரை அசையவில்லை. அவர்களுக்கு உட்கார ஒரு மாளிகை வாசல் இருந்தது, பக்கத்தில் தோழர்கள் இருந்தார்கள். வீடு கழுவும் பெண்ணுக்கு முதலாளி வாரத்துக்கு ஒருவர். எந்த வாசலில் உட்காருவாள்? அந்த வாசலை நாம்தான் உண்டாக்க வேண்டும். செய்ய முடிகிற காரியங்களையே சொல்கிறோம்.

முதலாவது, எஸ்டிமேட்டில் "வீடு சுத்தம்" என்று ஒரு வரி. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ வேலை நடந்தால் அந்த வரியை எழுத வையுங்கள். கட்டட வேலைக்கான குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது.

இரண்டாவது, உடைத்தவர்தான் அள்ள வேண்டும். ரப்பீஸை இறக்குவது ஒப்பந்தக்காரர் பொறுப்பு.

மூன்றாவது, தண்ணீர் தெளிக்காமல் பெருக்கக் கூடாது. நல்ல முகக்கவசம், ரப்பர் கையுறை, காலுக்குப் பூட்ஸ் ஆகியவற்றை வேலை கொடுப்பவர் வாங்கித் தர வேண்டும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அறைக்குள் வரக் கூடாது.

நான்காவது, வேலை செய்த நாட்களை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள். நம் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு மாணவரும் நான்கு அக்காக்களின் நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நோட்டுகளைக் கட்டாகச் சேர்த்து, தொழிலாளர் துறைக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் கொண்டுபோவோம். சுத்தம் செய்யும் நாளையும் கட்டட வேலை நாளாகக் கணக்கிடு என்று கேட்போம்.

ஐந்தாவது, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் முன்வாசல். கொல்லை வழியாகத்தான் வர வேண்டும் என்கிற வீட்டை அவர்களே கழுவிக்கொள்ளட்டும். தெருவில் ஒருவரும் போவதில்லை என்று முடிவெடுத்தால், பால் காய்ச்சக் குறித்த நாளில் சிமெண்ட் தூள் மேலேதான் அடுப்பு வைக்க வேண்டியிருக்கும். நம் உழைப்புக்கு விலை உண்டா இல்லையா என்று அன்றைக்கு அவர்களே சொல்வார்கள்.

ஜெய் பீம்.