கேஸ்கட்டும் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரும்

உங்கள் வீட்டிலிருந்து இந்த வருஷம் பிள்ளையோ பெண்ணோ என்ஜினீயரிங் படிக்கப் புறப்படுகிறார்களா? அப்படியானால் இந்த வாரக் கடிதம் உங்களுக்குத்தான்.

எங்கள் எதிர்வீட்டு மாமியின் பேரன் சேர்ந்திருக்கிறான். பாண்டி பஜாரில் புதுச் சட்டை, வரைபடத்துக்கு டிராஃப்டர் எல்லாம் வாங்கியாயிற்று. ஆனால் மாமிக்கு ஒரு குறை. "ஏம்மா, முதல் மூணு வாரம் பேசக் கத்துத் தராளாம், நீதிபோதனையாம்! இதுக்கா ராத்திரி பகலாப் படிச்சு மார்க் வாங்கினான்?" என்றார்.

மாமியைக் குற்றம் சொல்ல முடியாது. கிண்டிக் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாக ஆரம்பித்தது. அளப்பதும் வரைவதும்தான் என்ஜினீயரிங் என்று நம் மனத்தில் ஊறிவிட்டது. புது மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி என்ற திட்டத்தை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017-ல்தான் வகுத்தது. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளுக்கு வகுத்த 2021 பாடத்திட்டத்தில் ஆங்கிலம் முதல் பருவத்தில் வந்தது. அறநெறியோ ஏழாம் பருவத்தில்! இரண்டையும் இத்தனை தூரம் பிரித்து வைத்தது எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்கிறீர்களா?

குக்கர் கேஸ்கட் தளர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? ஃப்ரீஸரில் சற்று வைத்து எடுத்தால் விறைத்துக்கொள்ளும். குளிரில் ரப்பர் விறைக்கும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்வெளி ஓடத்தைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டுகளின் இணைப்புகளிலும் ரப்பர் வளையங்கள் இருந்தன. அவற்றால் ஆபத்து வரும் என்று, அந்த ராக்கெட்டைச் செய்த கம்பெனியின் என்ஜினீயர் ரோஜர் பாய்ஸ்ஜாலி 1985 ஜூலையிலேயே மேலதிகாரிக்கு எழுதினார். 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் கடுங்குளிர் என்று தெரிந்ததும், அவரும் சகாக்களும் டெலிபோனில் மன்றாடினார்கள். அவர்கள் அனுப்பிய அட்டவணைகளோ, குளிருக்கும் பழுதுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பளிச்சென்று காட்டவில்லை. கம்பெனி அதிகாரிகளும் கடைசியில் என்ஜினீயர்களை ஒதுக்கிவிட்டுச் சம்மதம் தந்துவிட்டார்கள். மறுநாள் காலை, கிளம்பிய 73 விநாடியில் ஓடம் சிதறியது. பள்ளி ஆசிரியை ஒருவர் உள்பட ஏழு பேர் மாண்டார்கள்.

பிறகு விசாரணை நடந்தது. நோபல் பரிசு பெற்ற பௌதிக நிபுணர் ரிச்சர்ட் ஃபைன்மன் என்ன செய்தார் தெரியுமா? அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் நெரித்து, முன்னால் இருந்த ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டார். வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய உருவுக்கு வரவில்லை. அவ்வளவுதான், ஊருக்கே விளங்கிவிட்டது! முதல் நாள் இரவு அந்த டம்ளர் இருந்திருந்தால் அதிகாரிகள் கேட்டிருப்பார்களா? சந்தேகந்தான். ஆனால் 'எங்களுக்குப் புரியவில்லை' என்று சொல்ல வழி இருந்திராது.

பேச்சுப் பயிற்சி என்றால் நுனி நாக்கு இங்கிலீஷ் என்று நினைக்கிறோம். தமிழில் படித்துவிட்டு வந்த குழந்தைகள் அதற்கே மிரண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். மேலே இருப்பவருக்குப் பிடிக்காத நிஜத்தை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமே, அந்தப் பயிற்சியைத்தான் நான் சொல்கிறேன். நம் ஊரிலேயே, 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்களே, மறக்க முடியுமா? பெரும்பாலோர் பிழைக்க வந்த கூலிக்காரர்கள்.

வீட்டில் நாம் என்ன பழக்குகிறோம்? "பெரியவாளை எதிர்த்துப் பேசாதே!" நானும் என் பெண்ணிடம் தினம் நாலு தடவை சொல்கிறேன், மறுப்பதற்கில்லை.

இதையெல்லாம் மாமியிடம் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டில் ஒரே சத்தம். பால்கனிக்கு அடியில் விரிசல் விட்டிருக்கிறது, பெயிண்ட் அடித்து மறைக்கக் கூடாது என்கிறான் பேரன். "காலேஜுக்குப் போய் நாலு நாள் ஆகலை, எனக்குச் சொல்ல வந்துட்டான்!" என்று தாத்தா குதிக்கிறார். பையன் மறுபேச்சுப் பேசாமல் பென்சிலை எடுத்து, விரிசலின் இரண்டு முனையிலும் கோடு போட்டுத் தேதியும் எழுதிவிட்டுப் போய்விட்டான்.

நேற்று மாமி முக்காலி போட்டு ஏறிப் பார்த்தாராம். விரிசல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருந்ததாம். மேஸ்திரி நாளைக் காலை வருகிறார்.