கலக்கியவனே தெளிவிக்க வேண்டும்!

கருநாடகத்து நந்திமலைப் பக்கத்தே பிறந்து வரும் தென்பெண்ணை தமிழ் மண்ணில் கால் வைக்கும் இடம் ஓசூர். அங்குக் கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை மலைபோல் எழுந்து நிற்பதைத் தமிழ்நாடு மீண்டும் மீண்டும் கண்டிருக்கின்றது. பெங்களூரின் சாய்க்கடை நீரும் தொழிற்சாலைக் கழிவும் ஈன்ற நுரை அது. அதே ஆறு கிருட்டிணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூரையொட்டிக் கடலில் கலக்கின்றது. அக் கடலூர் மாவட்டத்திலேயே நெய்வேலிச் சுரங்கம் வாய் திறந்து கிடக்கின்றது. ஆற்றின் தலைமாட்டு உழவனும் கால்மாட்டு உழவனும் கேட்கும் வினா ஒன்றே. தன் தொழிலுக்காக நீரைக் கலக்கியவன் எவனோ, அதைத் தெளிவித்து விடும் கடமையும் அவனுடையது அன்றோ?

நெய்வேலி நிறுவனம் 1956-இல் அமைக்கப்பெற்றது. 1957 மே 20-இல் தலைமையமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அக்கரியை ஒரு தொன் எடுக்க, அதன் மேற்கிடக்கும் மண்ணும் மணற்கல்லுமாக ஐந்து கனமீட்டருக்கு மேல் அகழ்ந்து அப்புறப்படுத்த வேண்டும். கரிப்படுகைக்குக் கீழேயோ, பேரழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கின்றது. இரவு பகலாக அதனை இறைக்காவிடின் சுரங்கத்தின் அடித்தளமே பிளந்துபோகும். மழைக்காலத்தில் அகழ்ந்த மண் மேடுகளினின்று வழியும் செந்நீர் வேறு. இவை அனைத்தும் எங்கேனும் சென்றாக வேண்டும். செல்லுமிடம் உழவனின் ஓடையும் ஏரியுமே.

அந்நீரை வெளிவிடுமுன் நிறுத்தி வைத்தற்கு உரியது வண்டற்குளம். தெளிகுளம் எனினும் தகும். விரைந்து வரும் நீர் அகன்ற குளத்திற் புகுந்ததும் நடை தளர்கின்றது. பருமணல் முதலில் வீழ்கின்றது. நொய்மண் பின்னர்ப் படிகின்றது. களிமண் துகளோ நாட்கணக்கில் மிதக்கின்றது. துகளின் பருமன் பத்திலொன்றாகக் குறைந்தால், அது கீழே வீழும் விரைவு நூற்றிலொன்றாகக் குறைகின்றது. ஆதலின் குளத்தின் ஆழத்தினும் பரப்பே தலையாயது. படிந்த வண்டலை அள்ளாமல் விட்டால் குளம் வெறும் வாய்க்காலாகிவிடும். வந்த சேறு வந்தபடியே வெளியேறும்.

இவ்வறிவு தமிழனுக்குப் புதிதன்று. தேறுதல் என்றால் தெளிதல். கலங்கிய நீரைத் தேற்றுதற்குப் பயன்பட்ட வித்துக்கு அவன் இட்ட பெயரே தேற்றாங்கொட்டை. கழகக் காலப் புலவரும் அதனை அறிந்திருந்தனர். நுண்துகள்களை ஒன்றுசேர்த்து வீழ்த்த இன்று படிகாரம் இடுவதும் அம் முறையின் வழிப்பட்டதே. மிகைநீர் வழியக் கலிங்கும், அளந்து விட மதகும், கோடையில் தூர் வாரும் ஊர்க்கட்டும் வகுத்தவன் தமிழன். அவன் ஏரியிலேயே பிறர் சேற்றைக் கொட்டுவது எவ்வகை முறை? நெய்வேலி நீர் பாயும் வாலாசா ஏரி, சுரங்க மண்ணாலும் சாம்பலாலும் நெடுங்காலம் தூர்ந்து கிடந்து, பெரும்பாடு பட்டே மீட்கப்பட்டது.

“சுரங்க நீரால் பல்லாயிரம் ஏக்கர் விளைகின்றதே” என்பார் உளர். மெய்தான், அதனை மறுப்பார் இலர். விளைநிலத்துக்குப் பாயும் நீர் என்பதனாலேயே அதன் தூய்மையில் ஐயம் இருத்தல் ஆகாது. நீர்நிலையில் விடும் சுரங்க நீரில், ஓர் இலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் துகள் இருத்தலாகாது என்பது சட்டம். அளப்பவன் யார்? அளந்த கணக்கை உழவன் எங்கே காண்பது? 2023 சூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டக் கதிர்விடும் பயிரின்மேல் மண்வாரிப் பொறிகள் ஏறின. சென்னை உயர் வழக்குமன்றம் வருந்தி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உழவனைக் கேளாது வெட்டும் கை, உழவன் கேட்குமுன் கணக்குக் காட்டுமா?

இன்னொன்றும் ஓசூரார் உணர வேண்டும். தெளிகுளம் மண்ணை நிறுத்தும்; கரைந்த நஞ்சை நிறுத்தாது. கெலவரப்பள்ளி நுரை கரைந்து வந்த வழலைச் சரக்கின் விளைவு. அதனைக் கழிவு பிறக்கும் ஊரிலேயே துப்புரவு செய்தாலன்றித் தீராது. அத் தென்பெண்ணை வடிநிலத்துப் பெல்லந்தூர் ஏரி, 2015-இலும் 2017-இலும் தீப்பற்றியதைப் பெங்களூர் மக்களே கண்டு நடுங்கினர். ஆகவே இது கன்னட உழவனோடு தமிழ் உழவனுக்குள்ள பகையன்று. கழிவைக் கைகழுவும் ஆலைக்கும் நகராட்சிக்கும் எதிரான வழக்கு.

அண்டை மாநிலத்தைக் கேட்கும் தமிழ்நாடு, தன் வீட்டையும் பெருக்கியாதல் வேண்டும். நெய்வேலியிலும் கிருட்டிணகிரிக் கல்லகழிகளிலும் மழைக்கு முன்னரே வண்டற்குளங்கள் தூர் வாரப்பெறல் வேண்டும். நீர் வெளியேறும் வாயிலில் அன்றாட அளவீடு தமிழில் எழுதி வைக்கப்பெறல் வேண்டும். அளக்குமிடத்தில் ஏரிப் பாசன உழவர் இருவரேனும் உடனிருத்தல் வேண்டும். இம் மூன்றையும் தன் மண்ணில் நிறைவேற்றிய அரசே, எல்லையில் நின்று நெஞ்சு நிமிர்த்திக் கேட்க முடியும்.

நீர் தெளிய வேண்டுமானால், முதலில் தமிழர் தெளிக! கேட்க எழுக!