412ஐ நெருங்கிய மன்பிரீத்: நம் பிள்ளைகளுக்கு ஹாக்கி தூரமா?

திலீப் திர்க்கி 412 சர்வதேச ஆட்டங்களோடு 2010இல் ஓய்வு பெற்றார். இந்திய ஹாக்கியில் அந்தச் சாதனையை நெடுங்காலம் யாரும் நெருங்கவே இல்லை. தன்ராஜ் பிள்ளைகூட 339 ஆட்டங்கள்தான். 2025 ஜூனில் மன்பிரீத் சிங் 400ஐத் தொட்டார்.

இப்போது ஆட்டங்கள் அதிகம் என்பார்கள். உண்மைதான், 2020இல் இந்தியா சேர்ந்த புரோ லீக்கில் மட்டும் சீசனுக்கு 16 ஆட்டங்கள். ஆனால் 14 ஆண்டுகள் அணியில் இடம் வேண்டுமே! பாரிஸ் காலிறுதியில் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, நடுக்கள வீரரான மன்பிரீத் தற்காப்புக்கு இறங்கினார். அப்படிப்பட்டவரை எந்தப் பயிற்சியாளர் எளிதில் விடுவார்?

ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கம் நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்தான் எல்லாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி ஸ்டேடியம் அங்கேதான். 1968 மெக்சிகோவில் வெண்கலம் வென்ற முனீர் சேட்டும், 1996, 2000 ஒலிம்பிக்கில் ஆடிய முஹம்மது ரியாஸும் தமிழகத்து வீரர்கள்தாம். (இந்தப் பெயர்களை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவார்கள்?)

"படிப்பு கெட்டுவிடும்" என்று மட்டையைப் பிடுங்கும் பெற்றோர், தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் பார்க்கலாம். அதற்கு உரிய போட்டிச் சான்றிதழ்கள் வேண்டும். தெருவில் ஆடினால் கிடைக்காது, பள்ளி அணியிலிருந்தே தொடங்க வேண்டும்.